கன்னக்கோல் இல்லாத கள்வன்

‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்தில் ‘ரோக்’ என்றொரு வகை உண்டு. அதைத் தமிழில் என்னவென்று சொல்வது?

ஆடாதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். இது மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுகிற ஆட்டம். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி அந்தக் கதைக்குள் நடப்பார்கள். செய்கிற காரியம் பலிக்குமா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். ஆட்டம் தொடங்கும் முன் ஒவ்வொருவர் கையிலும் ஒரு தாள், கேரக்டர் ஷீட். பெயர், பிறப்பு, பலம், புத்தி, கையிலிருக்கும் சாமான் எல்லாம் அதில் வரும். மேலே பெரிய எழுத்தில் வகை: சண்டைக்காரன், மந்திரவாதி, பூசாரி, ரோக். பூட்டைத் திறப்பது, சுவரேறுவது, இருட்டில் ஒளிவது, வாயால் ஊரை விற்பது எல்லாம் ரோக்கின் வேலை. மேசையில் பாதிப் பேர் அதைத்தான் கேட்பார்கள்.

இதற்கு இணையான தமிழ்ச்சொல்லைத் தேடினால் வரிசையாக வந்து நிற்பவை இவை: திருடன், கள்வன், எத்தன், பொறுக்கி, போக்கிரி, கேடி, கேப்மாரி. இதில் கேடி என்பது ‘கே’, ‘டி’ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள். ‘நோன் டிப்ரடேட்டர்’ என்ற போலீஸ் பதிவேட்டுத் தலைப்பின் சுருக்கம். ஸ்டேஷன் சுவரிலிருந்து இறங்கி வந்து படத்தலைப்பாகவும் காதலி செல்லமாகத் திட்டும் சொல்லாகவும் ஆகிவிட்டது. கேப்மாரி இன்னும் மோசம். வெள்ளைக்காரன் காலத்துப் போலீஸ் குறிப்புகளில் பிறவித் திருடர்கள் என்று எழுதப்பட்ட ஒரு கூட்டத்தின் பெயர் அது. ஒரு ஜனத்தின் பெயரை நாம் கெட்ட வார்த்தையாக வைத்துக்கொண்டு டீக்கடையில் சிரிக்கிறோம். பொறுக்கி என்பது தரையில் கிடப்பதை எடுத்துச் சாப்பிடுகிறவன். குற்றத்தைவிட வறுமைக்குத்தான் அது சரியான பெயர்.

‘ரோக்’ என்று சொல்லும்போது ஆங்கிலத்தில் ஒரு புன்னகை வருகிறதே, அந்தப் புன்னகை இந்தச் சொற்கள் எதிலும் இல்லை. அகராதியில் ஒரு சொல் குறைகிறது என்று இதைத் தள்ளிவிட முடியவில்லை. நம் இலக்கியத்தில் கள்ளன் யார், அவனுடைய தாளை யார் நிரப்பினார்கள் என்ற கேள்வி இதற்குள் இருக்கிறது.

*

ஆங்கிலத்திலும் அந்தப் புன்னகை முதலிலேயே இருந்ததில்லை. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974-ல் ஆட்டத்தை வெளியிட்டபோது சண்டைக்காரன், மந்திரவாதி, பூசாரி என மூன்றே வகைதான். கலிபோர்னியாவில் ஒரு பொழுதுபோக்குச் சாமான் கடையைச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தவர்களிடமிருந்து வந்த யோசனையை எடுத்து, 1975-ல் ‘கிரேஹாக்’ இணைப்புப் புத்தகத்தில் நான்காவது வகையைச் சேர்த்தார் கைகாக்ஸ். அப்போது அதன் பெயர் ‘தீஃப்’. வெறும் திருடன். பூட்டுத் திறக்க இத்தனை சதவீதம், பொறியை அகற்ற இத்தனை சதவீதம் என்று ஒரு பட்டியல். முதல் மட்டத்தில் அந்த எண்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். பாதிக்கு மேல் மாட்டிக்கொள்வான். 1989-ன் இரண்டாம் பதிப்பில் ‘ரோக்’ என்ற பெரிய தலைப்பின் கீழ் திருடனையும் பாணனையும் சேர்த்து வைத்தார்கள். 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பில் திருடன் என்ற பெயரே போய், வகையின் பெயர் ரோக் ஆகிவிட்டது. இருபத்தைந்து வருடத்தில் தொழில் பெயர் கழன்று விழுந்து குணத்தின் பெயர் ஒட்டிக்கொண்டது.

இந்தக் குணத்துக்கு முன்னோர்கள் புத்தகங்களில் இருந்தார்கள். ஃபிரிட்ஸ் லைபரின் கிரே மௌஸர், ஜாக் வான்ஸின் கூகல், குள்ளர்கள் ‘திருட்டு வேலைக்கு ஆள் தேவை’ என்று கூட்டிப்போன டோல்கீனின் பில்போ. இவர்களில் எனக்குப் பிடித்தவன் கூகல்தான். தன்னை மகா கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டு ஒவ்வொரு ஊரிலும் அடிவாங்குகிறவன். மூவருக்கும் பொதுவாக ஒன்றுண்டு. யாரும் இவர்களைத் திருடனாகப் பிறந்தவன் என்று சொல்வதில்லை. பில்போவுக்கு வீட்டில் பண்டகசாலை நிறைய கேக் இருக்கிறது. திருட்டு அவனுக்கு ஒரு பயணம், முடிந்ததும் வீட்டுக்கு வந்துவிடலாம்.

நம் ஊரில் இதற்கு ஆகப் பக்கத்தில் வருகிறவன் வந்தியத்தேவன். 1950-லிருந்து 54 வரை கல்கியில் வாராவாரம் அவன் செய்ததைப் பட்டியல் போட்டால் ரோக்கின் திறன் பட்டியல் அப்படியே வரும். கடம்பூர் மாளிகையில் ஒட்டுக்கேட்கிறான், பொய் சொல்லித் தஞ்சைக் கோட்டைக்குள் நுழைகிறான், பொக்கிஷ நிலவறை வழியாக வெளியேறுகிறான். என்ன செய்தாலும் நமக்கு அவன்மேல் கோபம் வருவதில்லை. காரணம், கல்கி அவனுக்கு முதலிலேயே வாணர் குலத்தைக் கொடுத்துவிடுகிறார். நாடிழந்தவன், ஆனாலும் ராஜ வம்சம். அந்த முத்திரை இருப்பதால் அவன் சுவரேறினால் சாகசம். அதே சுவரில் குலம் சொல்ல முடியாத ஒருவன் ஏறியிருந்தால் கல்கியே ‘யாரோ ஒரு திருடன்’ என்று ஒரு வரியில் தாண்டிப் போயிருப்பார் என்று தோன்றுகிறது.

*

அப்படி ஒருவன் மாட்டிக்கொண்ட கதை மதுரையில்தான் நடந்தது. சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் தாண்டியிருப்போம். மேசை ஆட்டத்தில் கொஞ்சம் பழகிய பிறகு அதைத் திரும்பப் படித்துப் பாருங்கள், நான் சொல்வது புரியும். உலக இலக்கியத்தில் ‘திருடன்’ என்ற வகையை ஒருவர் உட்கார்ந்து வடிவமைத்து, அதை இன்னொரு மனிதன்மேல் மாட்டி, அவனைக் கொன்றும் முடிக்கிற இப்படியொரு காட்சி வேறெங்காவது இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம்.

கோவலன் சிலம்பை விற்க வருகிறான். நூறு தொழிலாளிகள் பின்வர அரண்மனைப் பொற்கொல்லன் எதிரே வருகிறான். அரசியின் சிலம்பை ஏற்கெனவே திருடி வைத்திருப்பவன் அவன்தான். இந்தப் பரதேசிமேல் பழியைப் போட்டுவிடலாம் என்று அந்தக் கணத்திலேயே முடிவெடுக்கிறான். தன் குடிசை அருகே கோவலனை இருக்கச் சொல்லிவிட்டு அரசனிடம் போகிறான். ஊடலில் இருக்கும் அரசியைத் தேடிப் போய்க்கொண்டிருக்கிற பாண்டியனிடம் அவன் சொல்வது இது: கன்னக்கோலும் இல்லாமல், கவைக்கோலும் இல்லாமல், மந்திரத்தாலேயே காவலர்களைத் தூங்கவைத்துச் சிலம்பை எடுத்த கள்வன் என் குடிசையில் இருக்கிறான்.

கன்னக்கோல் என்பது சுவரில் துளைபோடும் கருவி. கோவலன் கையில் அது இல்லை. சாதாரண ஆள் அதைப் பார்த்தால் ‘அப்ப இவன் திருடன் இல்லையோ’ என்று யோசிப்பான். பொற்கொல்லன் அந்த இல்லாமையையே சாட்சியாக்குகிறான். கருவி இருந்தால் திருடன், இல்லையென்றால் பெரிய திருடன். எந்த உள்ளீடு கொடுத்தாலும் ஒரே விடை வருகிற ஃபங்ஷன்.

இதற்குப் பிறகுதான் அசல் இடம். காவலர்கள் வந்து கோவலனைப் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டு, இவனைப் பார்த்தால் கள்வன் மாதிரி இல்லையே என்கிறார்கள். அவர்களுடைய கண் சரியாகத்தான் வேலை செய்கிறது. பொற்கொல்லன் சிரிக்கிறான். சிரித்துவிட்டுக் களவுக்குத் துணையாக எட்டைப் பட்டியல் போடுகிறான்: மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி. ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கம், மருந்தால் என்ன ஆகும், நிமித்தம் எப்படிப் பார்ப்பார்கள் என்று. ‘கிரேஹாக்’ பட்டியலைவிட இது செழிப்பு. கூடவே ஒரு கதையும் சொல்கிறான். ஒரு கள்வன் பகலில் தூதன் வேடத்தில் வந்து, இரவில் பெண் வேடத்தில் இளவரசனின் படுக்கையறைக்குள் புகுந்து ஆரத்தை எடுக்கிறான். இளவரசன் விழித்து வாளை உருவுகிறான். கள்வன் உறையைப் பிடித்துக்கொண்டு குத்தையெல்லாம் அதிலேயே வாங்குகிறான். பிறகு மல்யுத்தம். கடைசியில் தூணைத் தானென்று காட்டி மறைந்துவிடுகிறான். எந்த மேசையில் சொன்னாலும் கைதட்டு விழுகிற கதை.

கதையைக் கேட்ட காவலர்களில் ஒரு இளைஞன் என்ன செய்கிறான் தெரியுமா? தன் பங்குக்கு ஒரு கதை சொல்கிறான். மழைக்கால நள்ளிரவு, உளியோடு நீல உடையில் ஒருவன் வந்தான், நான் வாளை உருவினேன், என் கையிலிருந்தே பறித்துக்கொண்டு போனான், அதற்கப்புறம் அவனைக் காணவே இல்லை. கள்ளர்கள் அப்படிப்பட்டவர்கள், இப்போது என்ன செய்யலாம் சொல்லுங்கள் என்கிறான். கோவலன் பக்கத்தில்தான் நிற்கிறான். அவனைப் பற்றி இந்தக் கதைகள் எதிலும் ஒரு தகவல்கூடக் கிடையாது. ஆனால் கதை சேரச் சேர, எதிரில் நிற்கும் ஆள் மறைந்து அந்த நீல உடைக்காரன் தெரிய ஆரம்பிக்கிறான். அடுத்ததாகப் படிப்பறிவில்லாத ஒரு குடிகாரன் வாளை எறிகிறான். காவலர்கள் வந்ததிலிருந்து வாள் விழுகிறவரை கோவலன் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவனை யாரும் எதுவும் கேட்கவும் இல்லை.

நம் பேராசிரியர்கள் இந்த இடத்தில் ஊழ்வினைக்குப் போய்விடுவார்கள். இளங்கோவும் அங்கேதான் போகச் சொல்கிறார். எனக்கு ஊழ்வினைக்கு முன்னால் இந்த நான்கைந்து ஆட்கள் வட்டமாக நின்று கதை பேசிக்கொண்டதுதான் கண்ணில் நிற்கிறது. பொற்கொல்லன் தமிழின் முதல் தரமான ரோக். தன் திருட்டை மறைக்க அவன் பயன்படுத்திய ஆயுதம் ‘திருடன் எப்படி இருப்பான்’ என்கிற கதை. அப்படிப்பட்டவனுக்குக் காவியத்தில் ஒரு பெயர்கூட இல்லை. பொற்கொல்லன் என்ற சாதித் தொழிற்பெயர் மட்டும்தான்.

அந்தப் பெயரின்மைக்கும் ஒரு விலை இருந்தது. கண்ணகி வந்து சிலம்பை உடைக்கிறாள், மாணிக்கம் தெறிக்கிறது, பாண்டியன் ‘கள்வன்’ என்ற பட்டத்தைத் தன் தலையில் தானே வைத்துக்கொண்டு சாகிறான். இதுவரை எல்லோருக்கும் தெரியும். உரைபெறு கட்டுரையைப் புரட்டுகிறவர்கள் குறைவு. கொற்கையில் இருந்த வெற்றிவேற்செழியன் கண்ணகியின் சீற்றம் தணிக்க ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலி கொடுத்தான் என்று அதில் வருகிறது. செய்தவன் ஒருவன், செத்தவர்கள் ஆயிரம் பேர். மழை பெய்தது, நோய் நீங்கியது என்று காவியம் அமைதியாக மேலே போகிறது. ஒரு பொய்யான வகைப்பாட்டால் ஒருவன் செத்ததற்குப் பரிகாரமாக இன்னொரு வகைப்பாட்டால் ஆயிரம் பேரைக் கொன்றிருக்கிறார்கள், இதை நீதி என்று படிக்க என்னால் முடியவில்லை. (பள்ளி இலக்கணத்தில் குழூஉக்குறிக்கு உதாரணம் ஞாபகம் இருக்கிறதா? பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பது. டி அண்ட் டி-யில் திருடர்களுக்குத் தனி ரகசிய மொழி உண்டு. நம் இலக்கணம் அதைத் தட்டான்களுக்குக் கொடுத்து வைத்திருக்கிறது.)

*

ஆயிரம் பொற்கொல்லர் கதை புராணம் என்று தள்ளலாம். 1871-ல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தைத் தள்ள முடியாது. 1911-ல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. அடுத்த சில வருடங்களில் மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளர்கள்மேல் பாய்ந்தது. வயதுவந்த ஆண் என்றால் கைரேகை கொடுத்துப் பதிய வேண்டும். ஊரைவிட்டுப் போக அனுமதிச் சீட்டு. இரவில் போலீஸ் சொல்கிற இடத்தில் படுக்க வேண்டும். ஊர்க்காரர்கள் ரேகைச் சட்டம் என்றார்கள். கைரேகை கொடுக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ம் தேதி துப்பாக்கிச் சூடு நடந்தது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினாறு பேர் செத்தார்கள். சென்னை மாகாணத்தில் சட்டம் 1947-ல்தான் நீங்கியது.

ஒத்தக்கடையில் நண்பர் வீட்டு மாடியில் சனிக்கிழமை ராத்திரி ஐந்து பேர் ஆடுகிறோம். யானைமலை இருட்டில் படுத்திருப்பது தெரியும். பழைய மதுரையைக் களமாக வைத்து ஒரு ஆட்டம் தொடங்கினோம். தாளைத் தமிழில் அச்சடித்தோம். ரோக்குக்கு என்ன போடுவது என்று பேச்சு வந்தபோது ஒருவர் ‘கள்ளன்னே போடுவோம், நல்லா நச்சுன்னு இருக்கு’ என்றார். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே வேலை பார்க்கிற தம்பி ஒருவன் ஆட்டத்துக்குப் புதுசு. தாளை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: “எங்க பூட்டனுக்கு இந்த ஷீட்ட கவர்மெண்ட்டே ஃபில் பண்ணிக் குடுத்துச்சுண்ணே. கைரேகையோட.”

எல்லோரும் சிரித்தோம். அவனும் சிரித்தான். அதற்கப்புறம் அவன் செய்ததுதான் முக்கியம். ரோக் வேண்டாம் என்று சொல்லவில்லை, அதைத்தான் எடுத்தான். இப்போதைய பதிப்புகளில் வகை வேறு, பின்புலம் வேறு. பின்புலம் என்ற கட்டத்தில் ‘காவக்காரன்’ என்று எழுதினான். அவனுடைய பாத்திரம் ராத்திரியில் ஒரு தெருவுக்குக் காவல், வேறு ஊரில் களவு. காணாமல் போன மாட்டைக் கண்டுபிடித்துக் கொடுத்துத் துப்புக்கூலி வாங்குவான். மாட்டை ஓட்டிப்போனது யார் என்று மட்டும் கேட்கக் கூடாது. வரலாற்றில் இருந்த வழக்கம்தான், அவன் வீட்டில் கேட்டு வளர்ந்தது. மேசையில் வேறு யாருடைய பாத்திரத்துக்கும் இப்படி ஒரு பொருளாதாரம் கிடையாது. நாங்கள் எல்லாம் பில்போதான், போரடித்ததால் கிளம்பியவர்கள்.

இந்தப் பிரச்சினை ஆட்டத்தை உருவாக்கியவர்களுக்கும் வந்து சேர்ந்தது. பிறப்பிலேயே கெட்டவர்கள் என்று எழுதப்பட்ட ஓர்க்குகளைப் பற்றி நெடுநாள் சண்டை. ‘கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட்’ என்ற புத்தகத்தில் விஸ்டானி என்றொரு நாடோடிக் கூட்டம், குடியும் திருட்டும் மாந்திரீகமுமாக வரும். ஐரோப்பாவின் ரோமா மக்களைப் பற்றிய பழைய வசையின் நகல். 2020-ல் வெளியீட்டாளர்கள் அதைத் திருத்துவதாக அறிவித்தார்கள். 2024 பதிப்பில் ‘இனம்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘உயிரினம்’ என்று போட்டார்கள். சொல்லை மாற்றினால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். கேப்மாரி என்று வாய்நிறையச் சொல்கிற ஊரில் இருந்துகொண்டு அந்தக் கேள்வியை நான் கேட்க மாட்டேன்.

*

திருடன் வேடத்தை யார் வேண்டுமானாலும் போடலாம், யாரால் கழற்ற முடியும் என்பதில்தான் வித்தியாசம். ஒத்தக்கடையிலிருந்து வடக்கே கொஞ்ச தூரத்தில் அழகர்மலை. சித்திரையில் சுந்தரராஜப் பெருமாள் கண்டாங்கி கட்டி, கொண்டை போட்டு, கள்ளர் திருக்கோலத்தில் கிளம்புகிறார். மூன்றுமாவடியில் எதிர்சேவை. தல்லாகுளம் வந்ததும் அந்தக் கோலத்தைக் களைந்து ஆண்டாள் மாலை சூடிக் குதிரையேறி ஆற்றில் இறங்குகிறார். தொ. பரமசிவன் தன் ‘அழகர் கோயில்’ ஆய்வில் இந்த வேடத்துக்குப் பின்னால் கோயிலுக்கும் கள்ளர் சமூகத்துக்கும் இடையிலான உறவைத் தேடிப் போனார். எனக்கு இதில் ஆச்சரியமானது, சாமிக்கு அந்த உடை அழகாக இருக்கிறது என்பது. பெயரே கள்ளழகர். ஊரே கைகூப்புகிற ஒரே ரோக்.

இன்னொரு மதுரைக் கதை திருமலை நாயக்கர் மஹாலில் சொல்வது. கூரையில் துளைபோட்டு இறங்கி ராஜாவின் நகைகளைத் திருடினான் ஒருவன். கண்டுபிடிக்க முடியவில்லை. திருப்பிக் கொடுத்தால் நிலம் மானியம் என்று அறிவித்தார் நாயக்கர். திருடன் வந்து கொடுத்தான். சொன்ன சொல் மாறாமல் மானியம் கொடுத்தார், கொடுத்துவிட்டுத் தலையை வெட்டச் சொன்னார். இந்தக் கதையில் திறமை அவனுடையது. கதையைச் சொல்லும்போது மட்டும் ராஜாவின் நேர்மையைச் சொல்வதுபோலவே சொல்கிறார்கள்.

*

அந்தத் திறமையை முழுசாக எழுதிப் பார்த்த நாவல் சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’. 2008-ல் வந்தது, 2011-ல் சாகித்ய அகாதெமி விருது. ஆயிரம் பக்கத்துக்கு மேல். தாதனூர் என்ற ஊரின் களவு, காவல், இருட்டு, ரேகைச் சட்டம் எல்லாம் அதில் உண்டு. இருட்டை இவ்வளவு வகையாக எழுதிய தமிழ் நாவல் வேறில்லை. போலீஸ் பதிவேட்டில் ஒரே சொல்லாகக் கிடந்த ஜனத்துக்கு அவர்களுடைய தொழில்நுட்பத்தைத் திருப்பிக் கொடுத்தது பெரிய காரியம். பதிவேடு ‘திருடர்கள்’ என்று எழுதியதை நாவல் ‘எப்படித் திருடினார்கள், ஏன் காவலும் காத்தார்கள்’ என்று விரித்தது.

ஆனாலும் எனக்கு ஒரு மனக்குறை. புத்தகத்தை மூடினால் எனக்குத் தாதனூர் நினைவிருக்கிறது, இரவு நினைவிருக்கிறது, ஒரு ஆள் தனியாக நினைவுக்கு வருவதில்லை. சாகசத்தில் எல்லோரும் கெட்டிக்காரர்கள். எல்லோருடைய தாளிலும் சுவரேற்றம் தொண்ணூறு சதவீதம். பதிவேட்டில் இழிவாக ஒரே மாதிரி எழுதப்பட்டவர்கள் இங்கே பெருமையாக ஒரே மாதிரி ஆகிவிடுகிற ஆபத்து இருக்கிறது. பெருமை தேவைப்படுகிற இடம்தான், மறுக்கவில்லை. பொற்கொல்லன் சொன்ன கதையிலும் கள்வன் மகா திறமைசாலிதான் என்பது மட்டும் எனக்கு அடிக்கடி ஞாபகம் வருகிறது. திறமைசாலி என்று சொல்லித்தான் கொன்றார்கள்.

புதுமைப்பித்தன் 1934-ல் எழுதிய ‘சங்குத் தேவனின் தர்மம்’ எதிர்த்திசையில் போகிறது. மகள் கல்யாணத்துக்காக இருட்டில் போகும் மூதாட்டியிடம், அவள் பெயரைக் கேட்டாலே நடுங்குகிற சங்குத் தேவனே பணம் கொடுத்துவிட்டுப் போகிறான். நல்ல கதை, சின்னக் கதை. நல்ல திருடன் என்பதும் ஒரு ரெடிமேட் சட்டைதான், அவனுக்கு அளவு எடுத்துத் தைத்தது இல்லை.

*

டி அண்ட் டி வெளியான அதே 1974-ல் ஜி. நாகராஜனின் ‘நாளை மற்றுமொரு நாளே’ வெளியானது. மதுரையில் கணக்கு வாத்தியாராகவும் டுட்டோரியல் ஆசிரியராகவும் இருந்து, 1981-ல் அரசு ஆஸ்பத்திரியில் செத்துப்போனவர் எழுதியது. கந்தன் என்பவனின் ஒரு நாள். காலையில் எழுகிறான், குடிக்கிறான், மனைவி மீனாவிடம் பேசுகிறான், தரகு வேலையாக ஊர் சுற்றுகிறான், யார் யாரையோ பார்க்கிறான். நாள் முடியும்போது போலீஸ் கையில் இருக்கிறான்.

கந்தனுக்குக் கேரக்டர் ஷீட் எழுத முயன்றேன். வராது. அவன் எதிலும் நிபுணன் இல்லை. சுவரேறுவதில்லை, பூட்டுத் திறப்பதில்லை. வாய் கொஞ்சம் உண்டு, தைரியம் கொஞ்சம் உண்டு, இரண்டும் வேண்டிய நேரத்தில் வருமென்று சொல்ல முடியாது. மனைவியை விற்றுப் பிழைக்கிறவன் என்று ஒரு வரி எழுதினால் அவனை முடித்துவிடலாம். நாகராஜன் அந்த வரியை எழுதாமல் விடவும் இல்லை, அதோடு நிறுத்தவும் இல்லை. கந்தனுக்கும் மீனாவுக்கும் இடையில் பிரியம் இருக்கிறது. அது அவன் செய்வதை நியாயப்படுத்துவதில்லை, அவன் செய்வது அந்தப் பிரியத்தைப் பொய்யாக்குவதும் இல்லை. இரண்டும் ஒரே அறையில் கிடக்கின்றன. வறுமை அவனை இப்படி ஆக்கியது என்று ஒரு முன்கதை வைத்திருக்கலாம். கடைசியில் ஒரு தியாகம் வைத்திருக்கலாம், வாசகர் மனசாறப் போயிருப்பார். வைக்கவில்லை.

முற்போக்கு விமரிசனம் அந்தக் காலத்தில் நாகராஜனை நம்பிக்கை வறட்சி என்று சந்தேகப்பட்டது. இன்றைய இளைஞர்கள் அவரை வேறு மாதிரி தவறாகப் படிக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம். ‘விளிம்புநிலை’ என்று ஒரு டேகைப் போட்டு, மதுரைச் சந்துகளின் ரொமான்ஸாக, குடித்துத் திரிந்த எழுத்தாளரின் சொந்தக் கதையாக, கந்தனை ஒரு கூல் ரோக்காக ஆக்கிவிடுகிறார்கள். சந்தில் சிகரெட்டோடு நிற்கிற கந்தனின் ஓவியங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நாவலில் அந்தப் போஸ் எங்கே என்று தேடிப் பாருங்கள். கந்தனுக்குத் தன்னைப் பார்த்துக்கொள்ளவே நேரமில்லை. அன்றைய சாப்பாடு, அன்றைய குடி, அன்றைய காசு என்று ஓடுகிறான்.

நாவல் முடியும் இடத்தில் அவனைப் போலீஸ் பிடித்திருக்கிறது. அந்த ஸ்டேஷனில் ஒரு பதிவேடு இருக்கும், அதில் கேடி என்ற தலைப்பில் ஒரு பக்கம் இருக்கும். அதற்குள் என்ன எழுதுவார்கள் என்று நமக்குத் தெரியும், இரண்டாயிரம் வருடமாக மதுரையில் அதைத்தான் எழுதுகிறார்கள். ஆனால் அதற்குள் நாம் அவனோடு ஒரு முழு நாள் சுற்றிவிட்டோம். அவன் எந்தக் கடையில் நின்றான், யாரைக் கிண்டல் செய்தான், மீனாவிடம் எந்தக் குரலில் பேசினான் என்று தெரியும். கோவலனைப் பார்த்து ‘இவன் அப்படித் தெரியவில்லையே’ என்ற காவலர்களுக்கு இந்த ஒரு நாள் கிடைக்கவில்லை. பொற்கொல்லனின் கதைதான் கிடைத்தது.

எங்கள் சனிக்கிழமை ஆட்டத்தில் தம்பியின் காவக்காரன் இப்போது நான்காம் மட்டத்துக்கு வந்திருக்கிறான். தாளில் வகை என்ற கட்டத்தை அவன் இன்னும் நிரப்பவில்லை. விதிப்படி நிரப்பித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் சில கணக்குகள் உதைக்கும். கேட்டால் “இருக்கட்டும்ணே, அப்புறம் போட்டுக்கலாம்” என்கிறான். அவனுக்கு மட்டும் கணக்கை நாங்கள் தனியாகப் போட்டுக்கொள்கிறோம்.